சோனகதெருவும் யாழ்ப்பாண வரலாறும்

யாழ்ப்பாணத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் மூன்று பொருள்களையே நாடினர். மன்னர் வரிசை ஒன்று. கோயில்களின் தோற்றமும் அழிவும் மற்றொன்று. இன்ன குடி இன்ன ஊரில் இன்ன சிறப்போடு வந்து அமர்ந்தது என்னும் குலப்பெருமை மூன்றாவது. இம்மூன்றினுள்ளும் அடங்காத மக்கள் வரலாற்றின் ஓரத்திலேயே நிற்க வேண்டியவராயினர். உழைத்தும் உரிமை பெறாத சாதியினர் அவ்வாறு நின்றனர். கடல் வாணிபத்தின் வழியாக இம்மண்ணுக்கு வந்து, தமிழைத் தாய்மொழியாகப் பெற்று, பல நூற்றாண்டுகள் நம்மோடு வாழ்ந்த சோனகரும் அவ்வாறே நின்றனர்.

வண்ணார்பண்ணைக்கும் நாவாந்துறைக்கும் இடைப்பட்ட பகுதியைச் சோனகதெரு என்று அழைக்கிறோம். பள்ளிவாசல்களும், ஐந்துசந்தியும், ஒஸ்மானியாக் கல்லூரியும், கதீஜா மகளிர் கல்லூரியும் அப்பகுதியின் அடையாளங்கள். 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அக்காலத்து யாழ்ப்பாண மாவட்டத்தில் ஏறத்தாழ 14 ஆயிரம் முஸ்லிம்கள் வாழ்ந்தனர். 1990ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பிறந்தபோது அத்தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்தன. அவர்கள் ஏன் சென்றனர் என்பதை நாம் அறிவோம். அவர்கள் எவ்வாறு வந்தனர், எவ்வாறு இம்மண்ணின் மக்களாயினர் என்பதை நம்முள் அறிந்தோர் சிலரே. இவ்விரண்டையும் சேர்த்து நோக்கினாலன்றி, ஒரு மக்கட்கூட்டம் எப்பொழுது ஒரு நாட்டின் மக்களாகிறது என்ற கேள்விக்கு நேர்மையான விடை காண இயலாது.

பருவக்காற்றும் பண்டமாற்றும்

அராபியக் கப்பல்கள் இலங்கைக்கு வந்தது இஸ்லாம் தோன்றுவதற்கு முன்னரே தொடங்கிய வழக்கம். தென்மேற்குப் பருவக்காற்று அவற்றைக் கீழ்த்திசைக்குக் கொணர்ந்தது. வடகீழ்ப் பருவக்காற்று அவற்றைத் திருப்பி அனுப்பியது. ஒரு காற்றுக்கும் மறு காற்றுக்கும் இடையில் வணிகன் மாதக்கணக்கில் கரையில் தங்கியாக வேண்டும். தங்கியவன் வீடு எடுத்தான், பண்டகசாலை அமைத்தான், உள்ளூர்ப் பெண்ணை மணந்தான். இத்தகைய குடும்பங்கள் இலங்கையில் மிகப் பழங்காலத்திலேயே இருந்தன என்பதற்கு 9ஆம் நூற்றாண்டு அரபு வரலாற்றாசிரியரான அல்-பலாதுரி சான்று பகர்கிறார். 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாணிக்கத் தீவின் அரசன், தன் நாட்டில் பிறந்து வணிகரான தந்தையரை இழந்த முஸ்லிம் பெண்களை ஈராக்கின் ஆளுநரான அல்-ஹஜ்ஜாஜிடம் கப்பலில் அனுப்பினான் என்றும், தேபல் துறையைச் சார்ந்த கடற்கொள்ளையர் அக்கப்பலைக் கைப்பற்றினர் என்றும் அவர் எழுதினார். சிந்து நாட்டின் மீதான படையெடுப்புக்கு அந்நிகழ்ச்சி காரணமாகக் காட்டப்படுவது பலரும் அறிந்ததே. நமக்கு வேண்டிய செய்தி, அப்பெண்கள் இலங்கையில் பிறந்தவர்கள் என்பதே.

பாக்கு நீரிணை ஆழமற்றது. பெருங்கப்பல்கள் இராமர் அணையைக் கடந்து செல்ல இயலாது. ஆதலால் மாதோட்டம், மன்னார், ஊர்காவற்றுறை முதலிய துறைகளில் சரக்குகளை இறக்கி வேறு கலங்களில் ஏற்றும் தேவை இயல்பாகவே எழுந்தது. இத்துறைகளில் அயல்நாட்டு வணிகருக்கு இருந்த இடத்தை நயினாதீவுக் கல்வெட்டு தெளிவாகக் காட்டுகிறது. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு தமிழில் பொறித்த ஆணை அது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963ஆம் ஆண்டில் அதனை ஆராய்ந்து வெளியிட்டார். பரதேசிகள் ஊராத்துறையிலே வந்து இறங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்பட வேண்டும் என்பது ஆணையின் ஒரு பகுதி. யானையும் குதிரையும் கொண்டுவரும் கலம் உடைந்தால் நான்கில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. பிற சரக்குக் கலம் உடைந்தால் சரிபாதி பண்டாரத்துக்கு, சரிபாதி உடையவனுக்கு என்பது மற்றொரு பகுதி. குதிரைக்கு ஏன் இந்தச் சலுகை? அரசனுடைய படைக்குக் குதிரை வேண்டும். குதிரையோ அராபியாவிலிருந்தும் பாரசீகக் குடாவிலிருந்தும் வர வேண்டும். அயலானுக்கு அளித்த பாதுகாப்பு, அரசனின் பெருந்தன்மையைக் காட்டிலும் அவனது தேவையையே காட்டுகிறது.

இதற்கு இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின்னர், 1344ஆம் ஆண்டில், மொரோக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா புத்தளத்தில் ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்தார். அம்மன்னன் பாரசீக மொழியை விளங்கிக்கொண்டான் என்றும், முத்துக்களைக் காட்டி உரையாடினான் என்றும், பாவா ஆதம் மலையைக் காணத் தமக்குப் பல்லக்கும் துணையாட்களும் அளித்தான் என்றும் அவர் குறித்தார். நல்லூரை ஆண்ட சைவ மன்னர் மரபினன் ஒருவனுக்குப் பாரசீகம் எதற்கு? அந்நாளில் இந்துமாக் கடலின் வாணிப மொழிகளுள் அது தலையாயது. முத்து வாணிபத்தின் ஒரு முனையில் குளிகாரனும், மறு முனையில் பாரசீகக் குடாவின் வணிகனும் இருந்தனர். நடுவில் நின்று வரி பெற்றவன் அரசன். 1409ஆம் ஆண்டுக் காலக்குறிப்போடு சீனக் கடற்படைத் தலைவன் செங் ஹோ கொணர்ந்து காலியில் நாட்டிய கல், சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் அமைந்ததும் இதே காரணத்தாலாகும்.

மொழி வந்த வழி

யாழ்ப்பாணச் சோனகர் அனைவரும் அராபியாவிலிருந்து நேரே கப்பலேறி வந்தவர் என்று கொள்ளல் பொருந்தாது. யாழ்ப்பாண வைபவமாலை, காயல்பட்டினம், கீழக்கரை முதலிய இடங்களிலிருந்து வந்த சோனகரைக் குறிக்கிறது. அப்பட்டினங்கள் பாண்டி நாட்டின் குதிரைத் துறைகள். அங்கே அராபிய வணிகரின் வழித்தோன்றல்களும், இஸ்லாத்தைத் தழுவிய தமிழரும் பல தலைமுறைகளாகக் கலந்து வாழ்ந்தனர். ஆகவே யாழ்ப்பாணத்துக்கு வந்தவருள் பெரும்பாலோர் வரும்போதே தமிழராய் வந்தனர். அராபியத் தொடர்பு சிலருக்குக் குருதியாகவும், சிலருக்கு நினைவாகவும், எல்லோருக்கும் மார்க்கமாகவும் இருந்தது எனலாம். சோனகர் என்ற சொல்லே யவனர் என்பதோடு தொடர்புடைய பழஞ்சொல். மேற்கிலிருந்து கடல்வழி வந்தோரைச் சுட்டிய அப்பெயர், காலப்போக்கில் தமிழ் பேசும் முஸ்லிம்களைச் சுட்டுவதாயிற்று.

கப்பலில் வந்தவர் ஆடவர். ஆகவே பிள்ளைகளின் மொழி தாயின் மொழியாயிற்று. இதில் வியப்பதற்கு எதுவுமில்லை. வியக்கத்தக்கது, மார்க்கமும் அம்மொழியிலேயே வாழத் தொடங்கியதாகும். பாரசீகரும் துருக்கரும் 'நமாஸ்' என்பதை நம் மக்கள் 'தொழுகை' என்றனர். அரபியில் 'ஸவ்ம்' எனப்படுவது 'நோன்பு' ஆயிற்று. மஸ்ஜித் 'பள்ளிவாசல்' ஆயிற்று. ஈத் 'பெருநாள்' ஆயிற்று. சமணரும் பௌத்தரும் சைவரும் வழங்கிய சொற்கள் இஸ்லாத்தின் சொற்களாயின. வீட்டில் 'உம்மா' என்று தாயை விளிக்கும் பிள்ளையே 'மாமி' என்றும் 'மச்சான்' என்றும் உறவு கொண்டாடியது. தமிழ் ஒலிகளுக்கேற்ப அரபு எழுத்தைத் திருத்தி அமைத்த அரபுத் தமிழ் என்னும் எழுத்து முறையும் எழுந்தது. அதில் மார்க்க நூல்கள் பல எழுதப்பட்டன. சீதனம் கொடுக்கும் வழக்கமும் விடாது தொடர்ந்தது. தமிழ்ச் சமூகத்தின் நன்மையோடு தீமையும் சேர்ந்தே பற்றியது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

மலாய் நாட்டோடு ஓர் ஒப்பு

இதே காற்று அராபியரை இன்னும் கிழக்கே, மலாய் நாடுகளுக்கும் கொண்டு சென்றது. அங்கு அவர்கள் பெற்ற நிலையை இங்குப் பெற்ற நிலையோடு ஒப்பிட்டு நோக்கினால் நம் சமூகத்தின் அமைப்பு நன்கு விளங்கும்.

தென் அராபியாவிலுள்ள ஹள்ரமௌத்திலிருந்து 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில் பெருந்தொகையினர் சுமத்திரா, யாவகம், போர்ணியோ, மலாயா ஆகிய நாடுகளுக்குச் சென்றனர். 1869ஆம் ஆண்டில் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டு நீராவிக் கப்பல்கள் பெருகியபின் அத்தொகை மேலும் வளர்ந்தது. அவர்களும் ஆடவராகவே சென்றனர். உள்ளூர்ப் பெண்களையே மணந்தனர். அவர்களின் பிள்ளைகளும் தாய்மொழியாகிய மலாயையே பேசினர். இதுவரை கதை ஒன்றே. இதன் பின்னர் வழி பிரிகிறது. மலாய் மக்கள் முன்னரே இஸ்லாத்தைத் தழுவியிருந்தனர். ஆதலால் நபிகளாரின் வழித்தோன்றல் என்று சொல்லி வந்த செய்யிதுக்கு அரண்மனைக் கதவும் திறந்தது. 1771ஆம் ஆண்டில் போர்ணியோவில் பொந்தியானாக் அரசை நிறுவியவர் ஒரு ஹள்ரமௌத்துக்காரரின் மகன். 1843ஆம் ஆண்டில் பெர்லிஸ் நாட்டின் அரசரானவரும் ஜமாலுல்லைல் என்னும் செய்யிதுக் குடியினர். அக்குடி இன்றும் அங்கு அரச குடியாக விளங்குகிறது. சுதந்திர மலாயாவின் அரசியலமைப்பு, 160ஆம் உறுப்புரையில், இஸ்லாத்தைப் பின்பற்றி, வழக்கமாக மலாய் பேசி, மலாய் மரபின்படி ஒழுகுபவர் மலாய்க்காரர் என்று வரையறுத்தது. அவ்வரையறையில் குருதிக்குப் பதிலாக மார்க்கமும் மொழியும் மரபும் முன்னிற்கின்றன. அராபியன் பேரன் மலாய்க்காரனாவதற்கு அங்குத் தடை இருக்கவில்லை.

அங்கும் பிறப்புப் பெருமை போராட்டமின்றி மறையவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1905ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் செய்யிதுக் குடிப் பெண்ணொருத்தி, செய்யிது அல்லாத இந்திய முஸ்லிம் ஒருவரை மணந்தாள். அத்திருமணம் செல்லுமா என்ற வாதம் கெய்ரோ வரை சென்றது. 'அல்-மனார்' இதழ் செல்லும் என்றது. செய்யிதுப் பெரியோர் செல்லாது என்றனர். 1914ஆம் ஆண்டில் பத்தாவியாவில் எழுந்த அல்-இர்ஷாத் இயக்கம் இப்பிறப்புரிமையை நேரடியாக எதிர்த்தது. எல்லோரும் ஒரே வரிசையில் நின்று தொழும் மார்க்கத்தினுள்ளும் உயர்குடி என்னும் செருக்கு புகுந்ததையும், அதனை எதிர்க்க அம்மார்க்கத்தினுள்ளிருந்தே குரல் எழுந்ததையும் நாம் காண்கிறோம். சாதியால் அரிக்கப்பட்ட நம் நாட்டவர்க்கு இது புதுமையான காட்சியன்று.

யாழ்ப்பாணத்துக்கு வந்த சோனகர் மொழியைப் பெற்றனர். ஆனால் நாட்டாரின் சமயத்தைப் பெறவில்லை. எனவே சாதியென்னும் ஏணியில் அவர்களுக்கு எந்தப் படியும் இல்லை. மேற்படியில் ஏற வழியில்லை. கீழ்ப்படியில் நிற்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஏணிக்குப் பக்கத்தில் அவர்கள் தனியே ஒரு தெருவில் நின்றனர்.

நிலமும் தெருவும்

வைபவமாலை கூறும் ஒரு செய்தியை நாம் மறைக்காது எதிர்கொள்ள வேண்டும். சோனகர் முதலில் தென்மராட்சியிலுள்ள உசனில் குடியிருந்தனர். பின்னர் நல்லூர்ப் பகுதிக்கு வந்தனர். அவர்களை அங்கிருந்து அகற்ற விரும்பிய அயலவர், இரவிலே அவர்களின் கிணறுகளில் பன்றி இறைச்சியை இட்டனர். நீரருந்த வழியற்ற சோனகர் அவ்விடத்தை விட்டு நீங்கிக் கடலோரமாகக் குடியேறினர். இக்கதை நிகழ்ந்தவாறே எழுதப்பட்டதா, வழிவழி சொல்லப்பட்டு வளர்ந்ததா என்ற வாதம் இருக்கலாம். ஆயினும் அதனை எழுதியவர் சோனகப் புலவரல்லர், நம்மவரே. ஒரு சமூகம் தன் குற்றத்தைத் தானே ஏட்டில் எழுதி வைத்துவிட்டு, அதை ஒரு குறும்புச் செயல் போல வாசித்துச் சென்றிருக்கிறது.

நல்லூருக்கும் சோனகருக்கும் இருந்த தொடர்பு அக்கதையோடு முடியவில்லை. இன்றைய கந்தசுவாமி கோயிலின் மேற்குப் பக்கத்தில் இஸ்லாமியப் பெரியார் ஒருவரின் அடக்கத்தலம் இருந்தது என்று ஒரு மரபு உண்டு. கோயில் வாயிலில் கர்ப்பூரம் விற்கும் உரிமை சோனகருக்கு இருந்தது என்றும் முதியோர் சொல்வதுண்டு. முருகன் சந்நிதியில் எரிந்த கர்ப்பூரம் முஸ்லிம் வணிகனின் கையால் வந்தது என்னும் நினைவைக் கிணற்றுக் கதையோடு சேர்த்து வைத்தே நாம் பார்க்க வேண்டும். அயல்வாழ்வு என்பது இவ்விரண்டும் கலந்ததாகவே இருந்தது.

சோனகர் ஏன் வணிகராகவே இருந்தனர் என்று கேட்போர் உண்டு. அது அவர்களின் பிறவிக்குணம் என்பாரும் உண்டு. விடை குணத்தில் இல்லை, நிலத்தில் இருக்கிறது. குடாநாட்டின் செம்மண் நிலமும் கிணறும் வேளாளரின் கையில் இறுகியிருந்தன. 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமை, நிலத்தை விற்க முனைவோன் தன் உரித்தாளருக்கும் பங்காளருக்கும் முதலுரிமை அளிக்க வேண்டும் என்ற பழைய வழக்கைச் சட்டமாக்கியது. உறவினரல்லாதோர் கையில் நிலம் செல்வதை இது அரிதாக்கியது. நிலத்தில் வேரூன்ற இயலாதவன் தராசையும் கத்தரிக்கோலையும் பற்றினான். இரும்புக்கடை, புடைவைக்கடை, தையல், இறைச்சிக்கடை, நகை வாணிபம், பிற்காலத்தில் லொறிப் போக்குவரத்து ஆகியவை யாழ்ப்பாண முஸ்லிம்களின் தொழில்களாயின. சோனகதெருவில் செல்வர் சிலர் இருந்தனர். நாட்கூலிக்குத் தைத்தவரும், மூட்டை சுமந்தவரும், பழைய இரும்பு பொறுக்கி விற்றவரும் பலர் இருந்தனர். முஸ்லிம்கள் எல்லோரும் செல்வர் என்ற கட்டுக்கதை அப்பலரைக் கண்ணிலிருந்து மறைத்தது.

ஆட்சியாளரும் அவர்களை வாட்டினர். வாணிபத்தில் தமக்குப் போட்டியானவர் என்பதாலும், மார்க்கப் பகைமையாலும் போர்த்துக்கேயர் அவர்களை 'மூர்' என்று அழைத்துத் துன்புறுத்தினர். 1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசு வீழ்ந்தது. 1626ஆம் ஆண்டில் தம் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றப் போர்த்துக்கேயர் முனைந்தபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களுள் பல்லாயிரவருக்குப் புகலிடம் அளித்து, 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான். 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், சோனகரை அந்நியர் என்று வகுத்து ஊழியம் என்னும் கட்டாய வேலையைச் சுமத்தினர். தலைமுறை தலைமுறையாக இம்மண்ணில் பிறந்தவனை 'அந்நியன்' என்று பதிவேட்டில் எழுதியவன், ஐரோப்பாவிலிருந்து வந்து இறங்கிய ஒல்லாந்தன்!

இரத்தம் பற்றிய வழக்கு

ஆங்கிலேயர் ஆட்சியில் சட்டநிரூபண சபை என்னும் சிறு மண்டபம் ஒன்று அமைந்தது. அதில் இனத்துக்கு ஓர் ஆசனம் என்ற முறையில் பிரதிநிதிகள் நியமிக்கப்பட்டனர். இம்முறை எழுந்த நாள்முதல் 'நீ யார்?' என்ற கேள்வி, 'உனக்கு எத்தனை ஆசனம்?' என்ற கேள்வியாயிற்று.

1888ஆம் ஆண்டில் பொன்னம்பலம் இராமநாதன் அரச ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளையில் ஓர் ஆய்வுரையை முன்வைத்தார். மொழி, பழக்கவழக்கம், உடற்தோற்றம் ஆகியவற்றைக் காட்டி, இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே, மதத்தால் மட்டுமே முஸ்லிம்கள் என்று வாதித்தார். மறு ஆண்டு, 1889இல், சோனகருக்கெனச் சபையில் தனி ஆசனம் அமைந்தது. 1907ஆம் ஆண்டில் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் இராமநாதனின் உரைக்கு விரிவான மறுப்பு எழுதி, சோனகரின் முன்னோர் அராபியரே என்று நிலைநாட்ட முயன்றார். 1915ஆம் ஆண்டுக் கலவரத்தில் முஸ்லிம்கள் தாக்குண்டபோது, இராமநாதன் சிறைப்பட்ட சிங்களத் தலைவர்களுக்காக வாதாடினார். இதனால் ஏற்பட்ட புண் நெடுங்காலம் ஆறவில்லை.

இருவரும் அறிஞர். இருவர் வாதத்திலும் உண்மையின் ஒரு பகுதி இருந்தது. ஆயினும் இருவரும் ஒரே அடிப்படையின் மீதே நின்றனர்: முன்னோரின் இரத்தம் எதுவோ அதுவே இன்றைய மனிதனின் உரிமையைத் தீர்மானிக்கும் என்பது அவ்வடிப்படை. 'நீங்கள் தமிழரே' என்று முன்னவர் சொன்னதில் அணைப்பைக் காட்டிலும் அடக்குதல் மிகுந்திருந்தது. சோனகர் அதனை அவ்வாறே உணர்ந்தனர். 'நாங்கள் அராபியரே' என்று பின்னவர் சொன்னபோது, தொழுகையைத் தமிழாக்கிய நூற்றுக்கணக்கான தாய்மார் மறக்கப்பட்டனர். ஐந்துசந்தியில் துணி தைத்துக்கொண்டிருந்தவனை இருவரும் கேட்கவில்லை. அவனுக்கு இரண்டும் உண்மையே. இரண்டில் ஒன்றை விட்டுவிட வேண்டிய தேவை அவனுக்கு எழவுமில்லை.

மேல்மட்டத்தில் இவ்வழக்கு நடந்தபோது கீழே வாழ்வு வேறு வழியில் சென்றது. கண்டியிலிருந்து 'முஸ்லிம் நேசன்' இதழை நடத்திய சித்திலெப்பை 1885ஆம் ஆண்டில் 'அசன்பேயுடைய கதை'யை எழுதினார். ஈழத்தின் முதல் தமிழ் நாவல் அதுவே. மலாய் மொழியின் முற்பட்ட நாவல்களுள் ஒன்றான 'ஹிக்காயத் பரிடா ஹனோம்' நூலை 1920களில் எழுதியவர் ஹள்ரமௌத்து வழிவந்த செய்யது ஷேக் அல்-ஹாதி. இரு நாடுகளிலும் அயலாரின் வழிவந்தோர் எனப்பட்டவர்கள் நாட்டு மொழியின் புது உரைநடைக்கு முன்னோடிகளாயினர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

யாழ்ப்பாணத்திலும் இதனைக் காணலாம். வண்ணார்பண்ணையில் 1911ஆம் ஆண்டில் பிறந்த அ. மு. அ. அஸீஸ், வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் கற்றார். சைவர் நடத்திய பள்ளிகளில் பயின்ற அம்முஸ்லிம் மாணவர், இலங்கைச் சிவில் சேவையில் இடம்பெற்ற முதல் முஸ்லிமாகவும், கொழும்பு சாகிராக் கல்லூரியின் அதிபராகவும், 'இலங்கையில் இஸ்லாம்' என்னும் தமிழ் நூலின் ஆசிரியராகவும் விளங்கினார். 1950களில் யாழ்ப்பாண மாநகர முதல்வர் பதவியில் எம். எம். சுல்தான் அமர்ந்தார், அவரை அங்கு அமர்த்திய சபையில் தமிழரே பெரும்பான்மையினர். 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, அக்கொடுமையைப் புத்தரின் படுகொலையாகக் கண்டு கவிதை எழுதியவர் எம். ஏ. நுஃமான், கிழக்கிலங்கையில் பிறந்து, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தவர். அந்நூலகம் அவருக்கும் சொந்தம் என்பதில் அன்று எவருக்கும் ஐயம் எழவில்லை.

இரண்டு மணி நேரம்

நுஃமானின் கவிதை பிறந்து பத்து ஆண்டுகள் நிறைவதற்கு முன்னரே அது நடந்தது. 1990ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் போர் மீண்டும் மூண்டது. கிழக்கில் ஆகஸ்ட் மாதம் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையிலிருந்த 100க்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். தமிழ்க் கிராமங்களும் ஊர்காவற் படையினரின் தாக்குதலுக்கு உள்ளாயின. கிழக்கில் மூண்ட இப்பகைக்கு யாழ்ப்பாண முஸ்லிம்கள் எவ்வகையிலும் காரணரல்லர். ஆயினும் தண்டனை அவர்கள் தலைமேல் விழுந்தது. அக்டோபர் நடுவில் சாவகச்சேரியிலிருந்தும், பின்னர் மன்னாரிலிருந்தும் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். அக்டோபர் 30ஆம் நாள் காலையில் சோனகதெருவில் ஒலிபெருக்கி முழங்கியது. மக்கள் மைதானத்தில் கூட்டப்பட்டனர். இரண்டு மணி நேரத்துள் வெளியேற வேண்டும் என்பது விடுதலைப் புலிகளின் கட்டளை. 150 ரூபாயும் சில உடுப்புகளுமே எடுத்துச் செல்ல அனுமதிக்கப்பட்டன. நகைகள் கழற்றப்பட்டன. வீடும் கடையும் சரக்கும் அங்கேயே கிடந்தன. வட மாகாணம் முழுவதிலுமிருந்து 70 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இவ்வாறு துரத்தப்பட்டனர். அவர்களுள் மிகப்பலர் புத்தளத்து உப்பு மண்ணில் ஓலைக் குடிசைகளில் வாழத் தொடங்கினர். 1344ஆம் ஆண்டில் யாழ்ப்பாண மன்னன் அயல்நாட்டு முஸ்லிம் பயணியை விருந்தினனாக வரவேற்றது அதே புத்தளத்தில்தான்.

தமிழ் அயலவருள் கண்ணீர் விட்டோர் பலர். வாய்திறந்து தடுத்தோர் இலர். துப்பாக்கியின் முன் என்ன செய்ய முடியும் என்ற கேள்வி நியாயமானதே. மனித உரிமைகளுக்கான யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்களின் அமைப்பு அக்கொடுமையைப் பதிவு செய்தது. அவ்வாறு எழுதியோர் தம் உயிரைப் பணயம் வைத்தே எழுதினர். ஆனால் துப்பாக்கி மௌனித்த பின்னரும் நீடித்த மௌனத்துக்கு அந்தக் காரணம் பொருந்தாது. 2002ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் கிளிநொச்சியில் நடந்த செய்தியாளர் சந்திப்பில் அன்ரன் பாலசிங்கம் அவ்வெளியேற்றத்தை ஓர் அரசியல் தவறு என்று ஒப்புக்கொண்டார். தவறென்ற சொல் அதற்குப் போதுமா என்பதை மக்களே தீர்மானிப்பர்.

'தமிழ் பேசும் மக்கள்' என்ற தொடரை நமது அரசியல் மேடைகள் 1949ஆம் ஆண்டு முதல் முழங்கி வந்தன. மொழியால் ஒன்றுபட்ட மக்கள் என்பதே அதன் பொருள். 1990ஆம் ஆண்டில் வெளியேற்றப்பட்டவர்கள் பேசியது தமிழே. மைதானத்தில் கதறி அழுததும் தமிழிலேயே. மொழி ஒன்றே போதுமென்று சொன்ன கொள்கை, நெருக்கடி வந்தபோது மொழிக்கும் மேலாக மதத்தையும் பிறப்பையும் வைத்தது. நிலமும் சாதியும் வகுத்த பழைய எல்லைகளைத் தொடாமல், அவற்றின் மேல் மொழியென்னும் போர்வையை மட்டும் விரித்த தேசியத்தின் இயல்பான முடிவு இது. கிணற்றில் இறைச்சி இட்ட கதையைச் சிரித்துக்கொண்டே வாசித்த சமூகம், ஒலிபெருக்கி முழங்கியபோது திகைத்து நின்றதில் வியப்பென்ன?

2009ஆம் ஆண்டில் போர் முடிந்தபின் திரும்பி வந்தோர் ஒரு சிறு பகுதியினரே. ஒஸ்மானியாக் கல்லூரி மீண்டும் இயங்குகிறது. பள்ளிவாசலில் பாங்கொலி கேட்கிறது. ஆயினும் இடிந்த சுவர்களில் மரம் முளைத்த வளவுகள் பல. 1990இல் ஒரு வீட்டிலிருந்து சென்ற குடும்பம் மூன்று நான்கு குடும்பங்களாகப் பெருகியிருக்க, திரும்பி வருவோர்க்கு அதே ஒரு துண்டு நிலம் இருக்கிறது. புத்தளத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு யாழ்ப்பாணம் தாய் தந்தையர் சொன்ன கதையாக இருக்கிறது. வெளியிலிருப்போர் வந்து வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள் என்று குறை கூறுவோர், அவர்கள் எங்கே தங்குவது என்ற கேள்விக்கு விடை கூறுவதில்லை. பல நூற்றாண்டுகளாகத் தடையாக நின்ற அதே நிலப்பிரச்சினை இன்றும் வழியை மறித்து நிற்கிறது.

ஆசிரியர்களும் மாணவர்களும் இதில் செய்யக்கூடியது ஒன்றுண்டு. யாழ்ப்பாண வரலாற்றைக் கற்பிக்கும்போது நயினாதீவுக் கல்வெட்டையும், வைபவமாலையின் கிணற்றுக் கதையையும், 1990ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாளையும் ஒரே பாடத்தில் வைத்துக் கற்பிப்போம். அயலார் இறங்குக, அவர்க்குப் பாதுகாப்பு அளிக்குக என்று 12ஆம் நூற்றாண்டு அரசன் தன் பண்டாரத்தின் நலன் கருதித் தமிழில் எழுதினான். இன்று வந்து இறங்க வேண்டியவர்கள் அயலார் அல்லர். இந்தத் தெருவில் பிறந்தவர்கள். அவர்களின் காணியுரிமைக்கும் வீட்டுரிமைக்கும் குரல் கொடுப்பது நாம் அவர்களுக்குச் செய்யும் உதவியன்று. நம் வரலாற்றில் நாமே கிழித்த பக்கத்தை மீண்டும் எழுதும் கடமையாகும்.